சூடு வைக்கவில்லை

நாயுருவி விதை துணியில் ஒட்டினால் உதறினாலும் போகாது. ஒவ்வொன்றாகப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். மலையடிவாரத்தில் ஆட்டுக்குத் தழை வெட்டிக்கொண்டு வரும் நாளெல்லாம் என் கணவர் அருணகிரி வாசலில் வந்து நின்றுகொள்வார். நான் மணைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து அவர் லுங்கியிலிருந்து விதை பொறுக்குவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் நின்றார். வெளிச்சம் இன்னும் இருந்தது.

"சீக்கிரம் பண்ணு. கொக்கு மாதிரி எத்தினி நேரம் நிக்கிறது?"

"பொதர்ல பூந்து வர்றது நீங்க. பொறுக்கறது நானா?"

"ஆடு உன்துதானே."

"கறி துன்றது யாரு?"

சட்டை போடாமல் நின்றார். லுங்கி முடிச்சுக்குச் சற்று மேலே, வலது இடுப்பில், பட்டாணி அளவுக்கு ஒரு கறுப்புப் பொருக்கு தெரிந்தது. அதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம்.

"இது இன்னாங்க?"

"எது? பீடி பட்டிருக்கும்."

"இடுப்பாலயா பீடி குடிக்கிறீங்க?"

அவர் சிரித்த சிரிப்பில் லுங்கி ஆடி, ஒரு விதை என் விரல் நுனியில் குத்தியது.

"வலிக்குதா?"

"இல்ல."

"அரிக்குதா?"

"இல்ல, வுடு."

விட்டுவிட்டேன். கண்ணுக்குத் தெரிந்த விதைகளையெல்லாம் எடுத்துவிட்டு, லுங்கியை ஒரு தட்டு தட்டி, போங்க என்றேன். மறுநாள் காலையில் அவருக்குக் காய்ச்சல்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையின் மேற்கு அடிவாரத்தில், ஆலங்காயத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மழை விட்ட பிறகு கார்த்திகை, மார்கழியில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுப்பது வழக்கம்தான். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி மூன்று நாள் கொடுத்தேன். விடவில்லை. நாலாம் நாள் பக்கத்து ஊருக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். தலை பிளக்கிறது, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை என்று துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். ஆறாம் நாள் துணியை எடுத்துப் பார்த்தேன். கண் மஞ்சளாக இருந்தது.

அவருடைய அண்ணன் சுப்பிரமணி பக்கத்துத் தெருவில் இருக்கிறார். எனக்கு மூத்தார் முறை, மாமா என்று கூப்பிடுவேன். ஓடிப்போய்ச் சொன்னதும் ஒரு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அன்று அந்த வார்டு முழுக்கக் காய்ச்சல்காரர்கள். ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். காலையிலிருந்து உட்காரவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. என் கணவரின் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அப்போது லுங்கி சற்று இறங்கியது. இடுப்பிலிருந்த கறுப்பைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறிவிட்டது.

"யாருய்யா சூடு வச்சது?"

எங்களுக்குப் புரியவில்லை.

"கண்ணு மஞ்சளாச்சுன்னா உடனே கம்பியக் காய்ச்சிடுவீங்க. ஆறு நாள் வீட்ல வச்சு, சூடும் வச்சு, எல்லாத்தையும் கெடுத்துட்டுத்தான் என்கிட்ட வருவீங்க. போன மாசம் ஒரு கைக்குழந்தை, வயித்துல ஏழு சூடு. என் கையிலதான் போச்சு. எத்தனை ஊருக்கு வந்து சொல்லியிருக்கேன்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் பக்கத்தில் மஞ்சள் காமாலைக்கும், குழந்தைக்கு வயிறு உப்பினாலும் சூடு வைப்பார்கள். குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அந்தக் குழந்தையை நினைத்துத்தான் அவர் அப்படிக் கத்தினார் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் அவர் கத்தியது எங்களைப் பார்த்து.

சுப்பிரமணி மாமா இரண்டு கையையும் கூப்பினார்.

"ஆமாங்க சார். தப்புதாங்க. இனிமே செய்ய மாட்டோங்க."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

மாமா பொய்க்காரர் இல்லை. இந்த அறுபது வருஷத்தில் ஒரு ஆளைக்கூட ஏமாற்றினார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பெரிய இடத்தில் யாராவது திட்டினால் அவர் முதலில் ஆமாம் என்று சொல்லிவிடுவார். விஏஓ ஆபீசில் அப்படித்தான், கரண்ட் ஆபீசில் அப்படித்தான். ஒரு தடவை ரேஷன் கடையில் யாரோ மூட்டையைக் கிழித்ததற்கு, வரிசையில் முதலாவதாக நின்ற குற்றத்துக்கு, இவர் ஆமாங்க என்று சொல்லிவிட்டு வந்தார். ஆமாம் என்றால் திட்டு சீக்கிரம் முடியும். திட்டு முடிந்தால்தான் வேலை ஆரம்பிக்கும். இல்லை என்று சொன்னால் எதிர்த்துப் பேசுகிறான் என்று ஆகி, வேலை நாளைக்குப் போய்விடும். அவர் மட்டும் இல்லை, எங்கள் ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் காரியம் முடித்துக்கொண்டு வருகிறார்கள். தம்பிக்குச் சீக்கிரம் வைத்தியம் ஆரம்பிக்கட்டும் என்றுதான் அவர் கை கூப்பினார்.

"இல்லைங்க சார்," என்றேன் நான். "யாரும் சூடு வைக்கலைங்க. காய்ச்சலுக்கு முன்னாலயே அது இருந்துச்சு. நான் பாத்தேன்."

சொல்லிக்கொண்டே அந்த இடத்தைக் காட்டக் கையை நீட்டினேன். வளையல் மேலே ஏறியது. டாக்டர் என் மணிக்கட்டைப் பார்த்தார்.

அங்கே ஒரு தழும்பு இருக்கிறது. ஏழு வயதில் எனக்குக் காமாலை வந்தபோது காய்ச்சின கம்பியால் வைத்த சூடு. வெளுத்து, கடலைப்பருப்பு அளவுக்கு இருக்கும்.

"இது என்ன? இதுவும் தானா வந்ததா?"

வளையலைக் கீழே இறக்கிவிட்டேன். அது சூடுதான்.

அவர் திரும்பிக்கொண்டு கேஸ் ஷீட்டில் எழுதினார். நான் பத்தாவது படித்தவள். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர், ஊரில் மேட் என்பார்கள். வருகைப்பதிவு எழுதி எழுதி, தலைகீழாக இருக்கிற எழுத்தைக்கூடப் படிப்பேன். வலது இடுப்பு, சூடு வைத்த புண், உறவினர் ஒப்புக்கொண்டார் என்று இங்கிலீஷில் இருந்தது.

காமாலை என்று வைத்தியம் நடந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். புண்ணுக்கு மஞ்சள் நிறக் களிம்பு தடவிப் பஞ்சு வைத்து ஒட்டினார்கள். நர்ஸ் கல்பனா நல்ல பெண். அவளிடமும் சொன்னேன்.

"அது சூடு இல்லம்மா. காய்ச்சலுக்கு மொதல் நாளே நான் பாத்தேன்."

"டாக்டர் எழுதிட்டாருக்கா. நான் இன்னா பண்றது?"

"இன்னொரு தடவ பாக்கச் சொல்லேன்."

"உங்க மாமாவே ஒத்துகினாராமே," என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் என் கணவருக்கு மூச்சு வாங்கியது. ஏதோ மேட்டில் ஏறுகிறவர் மாதிரி வாங்கினார். ஆம்புலன்சில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். வந்ததும் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்து எடுத்தாள். தொடை இடுக்கில் கை வைத்து நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். கட்டியிருந்தது. பிறகு குனிந்து செல்போன் வெளிச்சத்தில் அந்தக் கறுப்பைப் பார்த்தாள்.

"இது எப்போ வந்துச்சுங்க?"

எப்போது என்று கேட்ட முதல் ஆள் அவள்தான்.

"காய்ச்சலுக்கு முன்னாடி."

"சூடுன்னு எழுதியிருக்கே?"

"எழுதுனாங்க. வைக்கல."

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்துபோய் நர்சிடம் ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி, டெஸ்டுக்குக் காத்திருக்க வேண்டாம், இப்பவே ஏத்துங்க என்றாள்.

அவர் அதற்கப்புறம் இரண்டு நாள் இருந்தார். புதன்கிழமை காலை பதினோரு மணிக்குப் போய்விட்டார். வாயில் குழாய் இருந்ததால் கடைசியாக எதுவும் பேசவில்லை. அவர் என்னிடம் கடைசியாகச் சிரித்துப் பேசியது அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில்தான்.

ரத்தப் பரிசோதனை முடிவு மறுநாள் வந்தது. காரியம் முடிவதற்குள்ளாகவே ஒரு நாள் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னாள். அதன் பெயர் உண்ணிக் காய்ச்சல். புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத ஒரு சிவப்புப் பூச்சிக் குஞ்சு. எலிமேல் வாழ்வது, மனிதர்மேலும் ஏறும். கடித்த இடம் சிலருக்குக் கறுத்துப் பொருக்குத் தட்டும். சிகரெட்டால் சுட்டது போலவே இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும். இப்போது வருஷா வருஷம் கூடிக்கொண்டு வருகிறது என்றாள்.

"மருந்து?"

"ரொம்பப் பழைய மருந்துங்க. முதல் வாரத்துல குடுத்தா ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் விட்டுடும்."

"மொதல்ல போன ஆஸ்பத்திரியில அது இருந்திருக்குமா?"

அவள் அந்தத் தாளை மடித்து என் கையில் கொடுத்தாள். "எல்லா ஆஸ்பத்திரியிலயும் இருக்கும்," என்றாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவெல்லாம் வந்திருந்தது. சாப்பாடு முடிந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு அந்தப் பக்கம் போய், இந்தப் பக்கம் வந்து, யாரோ ஒருத்தர் இன்னொருவரிடம் சொல்வது என் காதில் விழுந்தது. "சூடு வச்சாங்களாம், அதுல சீழ் புடிச்சுப் போய்ட்டானாம்." ஆஸ்பத்திரித் தாளில் இருந்த வரி அதற்குள் ஊரெல்லாம் சுற்றி வந்திருந்தது.

நான் எழுந்து நேராகச் சுப்பிரமணி மாமா முன்னால் போய் நின்றேன்.

என் கணவருக்கு ஒன்பது வயதில் காமாலை வந்ததைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே எனக்குச் சொல்லிவிட்டார்கள். அவருக்குச் சூடு வைக்கக் கம்பியைக் காய்ச்சியிருக்கிறார்கள். கம்பி சிவந்ததைப் பார்த்தவர், காய்ச்சலோடு ஓடிப்போய்ப் பின்னால் இருந்த பலாமரத்தில் ஏறிவிட்டார். இறங்கினால் பிடிக்க வேண்டும் என்று கீழே அண்ணனைக் காவல் வைத்தார்கள். அவர் இறங்கவே இல்லை. இருட்டுகிற நேரத்தில், அவர் பார்க்கும்படி கம்பியைத் தண்ணீர்ப் பானையில் போட்ட பிறகுதான் இறங்கினார். கம்பி தண்ணீரில் சீறிய சத்தத்தை அவரே வாயால் செய்து காட்டுவார். எனக்குக் கையில் தழும்பு இருக்கிறது, அவருக்கு இல்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. எனக்கு மரம் ஏறத் தெரியாததால் வந்தது என்பார்.

"மாமா, அன்னைக்குப் பலாமரத்துக்குக் கீழ நின்னது யாரு?"

அவருக்கு நான் எங்கே போகிறேன் என்று தெரிந்துவிட்டது.

"நான்தாம்மா."

"கம்பி தண்ணிக்குள்ள போற வரைக்கும் அவரு எறங்குனாரா?"

"எறங்கல."

"அப்போ அவருக்குச் சூடு வச்சது யாரு?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"டாக்டர் கேட்டாரு. ஆமான்னுட்டேன்."

வெள்ளையம்மாள் பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "போனவன் போய்ட்டான். பெரியவர நாலு பேர் எதிர்ல நிக்க வச்சுக் கேக்கலாமா? மரியாதையாவா கீது?"

"அவரும் நாலு பேர் எதிர்லதான் ஆமான்னாரு பெரியம்மா. இல்லன்னும் நாலு பேர் எதிர்ல சொல்லட்டும்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோனார். அன்றிலிருந்து நான் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன். என் கணவர் உடம்பில் இருந்தது சூட்டுப் புண் இல்லை, பூச்சி கடித்த இடம், பரிசோதனை முடிவு இணைத்திருக்கிறேன், கேஸ் ஷீட்டில் இருப்பதைத் திருத்த வேண்டும் என்று எழுதியிருந்தேன். டாக்டர் படித்தார். பரிசோதனை முடிவை இரண்டு தடவை படித்தார்.

"இந்த ரிசல்ட் சரியாவே இருக்கட்டும். அதுக்காகச் சூடு வைக்கலன்னு ஆகாதும்மா. சூடும் வச்சிருக்கலாம்."

"வைக்கலைங்க."

"உங்க வீட்டுப் பெரியவர் ஒத்துக்கிட்டார். நானா எழுதல."

"பயந்துகினு சொல்ட்டாருங்க."

"அப்போ அவரை வந்து சொல்லச் சொல்லு. சொன்னவர் வரட்டும்."

இதை மட்டும் ஆள்விட்டு மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். பதில் வந்தது. டாக்டர் எதிர்ல போய்ப் பொய் சொன்னேன்னு எப்டி நிக்கிறது, நாளைக்கு ஒரு அவசரம்னா அவர்கிட்டதானே போகணும் என்றாராம்.

சரி, போகட்டும் என்று இருந்துவிட எனக்குத் தோன்றவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை, வேலை இல்லாத ஒரு திங்கட்கிழமை, அந்த மனுவை எடுத்துக்கொண்டு போவேன். பெஞ்சில் உட்காருவேன். கூப்பிட்டால் அதையே சொல்வேன். கையில் வளையல் போடுவதை நிறுத்தினேன். தழும்பைப் பார்ப்பவர்கள் நன்றாகப் பார்க்கட்டும். இது சூடு, அது சூடு இல்லை, இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல என்னைவிடத் தெரிந்தவர் யார்?

வேலையிலும் சும்மா இருக்கவில்லை. அந்த வருஷம் எங்கள் ஆட்கள் ஏரிக் கால்வாயில் புதர் வெட்டினார்கள். வெட்டி முடித்த புல்மேலேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், படுப்பார்கள். கையெழுத்து வாங்கும்போது ஒவ்வொருவரிடமும் சொன்னேன். புல்லில் படுக்காதீர்கள், வீட்டுக்குப் போனதும் துணியைத் துவைத்துக் குளியுங்கள், காய்ச்சல் வந்தால் உடம்பு முழுக்கப் பாருங்கள். அக்குள், இடுப்பு, மார்புக்குக் கீழே, காதுக்குப் பின்னால். கறுப்பாக இருந்தால் என்னிடம் வாருங்கள்.

"கேட்டியா சேதி," என்றார் எங்கள் ஆட்களில் மூத்தவர் சின்னக்குழந்தை ஆயா, கால்வாய் முழுக்கக் கேட்கிற மாதிரி. "இனிமே துணிய அவுத்துக் காட்டினாத்தான் மேட்டு அட்டெண்டன்ஸ் போடுமாம்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் பாக்கல ஆயா. உங்க மருமகளப் பாக்கச் சொல்லுங்க."

"அவ மூஞ்சியவே பாக்க மாட்டா. இடுப்ப எங்க பாக்கப் போறா?"

நானும் சிரித்தேன். பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தது அன்றுதான். சிரித்தார்களே தவிர, மறுநாளிலிருந்து புல்மேல் தார்ப்பாய் விரித்துத்தான் உட்கார்ந்தார்கள்.

அடுத்த கார்த்திகையில், ஒரு காலை நேரம், சுப்பிரமணி மாமா என் வாசலுக்கு வெளியே வந்து நின்றார். ஒரு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

"பாப்பாவுக்குக் காய்ச்சல்மா."

அவர் மகள் நதியா வாணியம்பாடியில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண். லீவு நாளில் ஆட்டை ஓட்டிக்கொண்டு அடிவாரத்துக்குப் போவாள்.

"எத்தினி நாளா?"

"நாலு."

"ஒடம்பப் பாத்தீங்களா?"

"வயசுப் பொண்ண நான் எங்கம்மா பாக்கறது? அவ அம்மா பாத்தா. ஒன்னியும் இல்லங்கறா." கொஞ்சம் நிறுத்தினார். "நீ வந்து பாரு."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று இருந்தது வேறு, இது வேறு. அறைக் கதவைச் சாத்தி, விளக்கைப் போட்டு, நதியாவை உட்கார வைத்துத் தலைமுடியிலிருந்து ஆரம்பித்தேன். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது, வாய் மட்டும் அடங்கவில்லை.

"இன்னா சின்னம்மா, ஆடு வாங்க வந்தவங்க மாதிரி பாக்கறீங்க?"

"ஆடுன்னா பல்லப் பாத்தா போதும். திரும்பு."

பாவாடை நாடா இறுக்கிக் கட்டுகிற இடத்தில், முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில், அவளால் பார்க்கவே முடியாத இடத்தில் அது இருந்தது. பட்டாணி அளவு. சுற்றிலும் சிவப்பு வளையம். துணியை மாத்து, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

அரை மணி நேரத்தில் மூன்று பேரும் டவுன் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அதே டாக்டர். என்னைப் பார்த்ததும், இன்று திங்கட்கிழமை இல்லையே என்பது போல் முகத்தை வைத்துக்கொண்டார். நான் மனுவை எடுக்கவில்லை. நதியாவைத் திருப்பி, கல்பனாவைத் துணி பிடிக்கச் சொல்லி, அந்த இடத்தைக் காட்டினேன்.

டாக்டர் பார்த்தார். நிமிர்ந்து சுப்பிரமணி மாமாவைப் பார்த்தார். ஒரு வருஷத்துக்கு முன்னால் கை கூப்பி நின்றவர் யார் என்று அவருக்கு நினைவு இருந்தது.

"இது சூடா?"

நான் வாயைத் திறக்கவில்லை. சொல்ல ஆயிரம் இருந்தது. ஆனால் இந்தக் கேள்வி எனக்கு இல்லை. போன தடவையும் எனக்கு இல்லை.

மாமாவின் கைகள் தாமாகவே மேலே எழும்பின. கூப்புவதற்குப் பாதி தூரம் போய்விட்டன. அவர் வாய் ஆமா என்று சொல்லப்போகிற வடிவத்துக்கு வந்துவிட்டதை நான் பார்த்தேன்.

"நைனா," என்றாள் நதியா. அவ்வளவுதான் சொன்னாள்.

கைகள் கீழே இறங்கின.

"இல்லைங்க சார்," என்றார். இன்னும் சத்தமாக மறுபடி சொன்னார். "இல்லைங்க. நாங்க வைக்கல. போன வருசமும் இல்லைங்க. என் தம்பிக்கு யாரும் சூடு வைக்கல. நீங்க திட்டுனீங்க, நான் ஆமான்னுட்டேன். திட்டு முடிஞ்சா வைத்தியம் ஆரம்பிப்பீங்கன்னு ஆமான்னுட்டேங்க."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு பேருக்கு மேலேயே இருந்தார்கள்.

டாக்டர் நதியாவின் முதுகில் அந்த இடத்தின் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்தினார்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல சார்."

"அரிக்குதா?"

"இல்ல."

வாசலில் மணைக்கட்டைமேல் உட்கார்ந்து நான் கேட்ட அதே இரண்டு கேள்வி.

அவர் உட்கார்ந்து மருந்து எழுதினார். டெஸ்டும் எழுதினார், ஆனால் மருந்தை முதலில் எழுதினார். கல்பனா மாத்திரையை அங்கேயே கொடுத்து, அங்கேயே விழுங்க வைத்தாள். வார்டில் படுக்க வைத்திருந்த நதியாவுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் பிரியாணி கேட்டாள்.

அவள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று நான் மனுவை டாக்டர் மேசையில் வைத்தேன். சுப்பிரமணி மாமா பக்கத்தில் நின்றார். மனுவின் அடியில் அன்று காலையில்தான் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"சொன்னவரு வந்துட்டாருங்க," என்றேன்.

டாக்டர் மனுவைக் கையில் எடுத்தார். "பழைய கேஸ் ஷீட்ல நான் கை வைக்க முடியாதும்மா. அது ரெக்கார்டு ரூமுக்குப் போயிடுச்சு. முடிச்ச கேஸ்ல ஒரு எழுத்து மாத்தினாலும் என்னைக் கேப்பாங்க."

"மாத்த வேணாங்க. பக்கத்துல எழுதுங்க."

"மேல எழுதிக் கேக்கறேன்." பிறகு, மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் அன்னைக்கு உன்னைக் கேட்டிருக்கணும்."

"கேக்கலைங்க. நானாவே சொன்னேன்," என்றேன்.

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று மாமா வண்டியில் வரும்போது சொன்னார். விட்டிருக்க முடியாது.

இப்போதும் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை போகிறேன். சில மாதம் மாமாவும் கூட வருகிறார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, யாராவது என்ன விஷயம் என்று கேட்டால், என் தம்பிக்கு யாரும் சூடு வைக்கல, அத எழுதச் சொல்ல வந்திருக்கோம் என்று கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறார். கல்பனா எங்களைப் பார்த்ததும், "வந்துட்டீங்களாக்கா, டீ சொல்லவா?" என்கிறாள். காய்ச்சல் என்று யார் வந்தாலும் அவள் முதலில் மறைப்புத் திரையை இழுத்துவிட்டு உடம்பு முழுக்கப் பார்க்கிறாள். போன மாதம் ஒரு பையனை அவன் தாத்தா தூக்கிக்கொண்டு வந்தார், மலைமேலிருந்து. உள்ளே டாக்டர் குரல் எனக்குக் கேட்டது.

"இது எப்போ வந்துச்சு பெரியவரே?"

யார் வச்சது என்று கேட்கவில்லை. எப்போது என்று கேட்டார். தாத்தா ஏதோ சொன்னார், டாக்டர் முழுக்கக் கேட்டார்.

மேலே எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ரெக்கார்டு ரூமில், என் கணவர் பெயர் போட்ட தாளில், சூடு வைத்த புண் என்ற வரி அப்படியே இருக்கிறது. அந்தத் தாள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். கம்பி சிவந்ததைப் பார்த்து அவர் பலாமரத்தில் ஏறினார். அதைத் தண்ணீரில் போடும்வரை இறங்கவில்லை.